ஈபிவி பாசிட்டிவ், ஒரு வருஷமாக அசதி: அக்காவுக்கு வைரஸ் மாத்திரை வாங்கலாமா?

ஆத்தங்கரை முக்கூடல்

வணக்கம் அண்ணாச்சிமாரே, அக்காமாரே. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்காவுக்கு 26 வயசு. பி.காம் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டே வீட்டில் அம்மாவோடு பீடி சுற்றுகிறாள். போன வருஷம் ஆனித் தேரோட்டம் முடிந்த வாரம் காய்ச்சலில் படுத்தாள். தொண்டையில் வெள்ளையாகப் படிந்து, கழுத்தில் இரண்டு பக்கமும் நெறி கட்டி, எச்சில் முழுங்கக்கூட முடியவில்லை. பக்கத்து கிளினிக்கில் அமாக்ஸிசிலின் கொடுத்தார்கள், நாலாம் நாள் உடம்பெல்லாம் சிவப்பாகத் தடித்தது, அலர்ஜி என்று மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். காய்ச்சல் இறங்க மூன்று வாரம் ஆனது. சரி, போய்விட்டது என்று நினைத்தோம்.

போகவில்லை. முன்னால் ஒரு நாளைக்கு 800 பீடி சர்வசாதாரணமாகச் சுற்றுவாள், டிவி பார்த்துக்கொண்டே. இப்போது கடைக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு நாள் 700 சுற்றினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, மறுநாளோ அதற்கு மறுநாளோ அடித்துப் போட்ட மாதிரி படுத்துவிடுகிறாள். பத்து மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தூங்கின மாதிரியே இல்லை என்கிறாள். பேசிக்கொண்டிருக்கும்போது வார்த்தை வராமல் நிற்கிறாள். பி.காமில் கணக்குப்புலி அவள், இப்போது 25 பீடி கட்டுக்கு எண்ணும்போது விட்டுவிட்டு முதலிலிருந்து எண்ணுகிறாள்.

பார்க்காத டாக்டர் இல்லை. ஹீமோகுளோபின் 11.8, தைராய்டு நார்மல், சுகர் நார்மல். ஒருத்தர் சத்து டானிக் கொடுத்தார், ஒருத்தர் கல்யாணம் பண்ணி வையுங்கள் சரியாகிவிடும் என்றார். போன மாசம் திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆறாயிரத்துச் சொச்சத்துக்கு ரத்தப் பரிசோதனை எடுத்ததில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் (ஈபிவி) ஐஜிஜி பாசிட்டிவ், ஹெச்ஹெச்வி-6 ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் இரண்டிலும் நெகட்டிவ். இரண்டும் ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ், அதுதான் அசதிக்குக் காரணம் என்று வால்கான்சிக்ளோவிர் என்ற வைரஸ் மாத்திரையை ஆறு மாசத்துக்கு எழுதித் தந்திருக்கிறார்கள். மருந்துக்கடையில் விலை கேட்டேன், அம்மா அக்கா இரண்டு பேர் கூலியையும் சேர்த்தால்கூடப் பாதிக்கு எட்டாது. கடன் வாங்கியாவது வாங்கிக் கொடுக்கலாமா? ஹெர்பிஸ் என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து அம்மா வேறு அழுதுகொண்டே இருக்கிறாள், யாரோ அவளிடம் அது கெட்ட வியாதி என்று சொல்லிவிட்டார்கள்.

ரதவீதி ராசா

தம்பி, முதலில் சாதாரணமானதைப் பார். பெரிட்டின், பி12, வைட்டமின் டி, கல்லீரல், சிறுநீரகம், சளியில் டிபி, இதெல்லாம் பார்த்தார்களா? ஹீமோகுளோபின் கொஞ்சம்தான் குறைந்திருந்தாலும் பெரிட்டின் காட்டுகிற இரும்புச் சேமிப்பு ரொம்பக் குறைவாக இருக்கலாம். நாள் முழுக்கப் புகையிலைத் தூள் முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளை, அதையும் யோசி. மனச்சோர்வையும் தள்ளிவிடாதே, படித்த பிள்ளைக்கு வேலை கிடைக்காமல் தட்டு முன்னால் உட்காருவது லேசான காரியமா? வைரஸ் கிய்ரஸ் என்று ஓடுவதெல்லாம் அப்புறம்.

ஆத்தங்கரை முக்கூடல்

அண்ணாச்சி, பி12, கல்லீரல், கிட்னி, எக்ஸ்ரே எல்லாம் பார்த்தாச்சு. பெரிட்டின் மட்டும் பார்க்கவில்லை, பார்க்கிறேன். மனசு விஷயம் நானும் யோசித்தேன். ஆனால் அவளுக்கு ஆசை எல்லாம் இருக்கிறது. போன மாசம்கூடப் பாபநாசம் போகலாம் என்று அவள்தான் நச்சரித்தாள். போய்விட்டு வந்து நாலு நாள் படுத்தாள், அவ்வளவுதான்.

பாளை லேப்காரன்

நான் டாக்டர் இல்லை, பாளையங்கோட்டையில் லேபில் பதினோரு வருஷமாக இந்த ஐஜிஜி ஐஜிஎம் ஓட்டுகிறவன். அதனால் ரிப்போர்ட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

குறுக்குத்துறை முருகன் கோயிலைப் பார்த்திருப்பாய். ஆற்றுக்குள்ளேயே இருக்கிற கோயில், வெள்ளம் வரும்போதெல்லாம் முங்கி எழும். 1992 வெள்ளம், 2023 டிசம்பர் வெள்ளம் எல்லாம் பார்த்த கோயில். வெள்ளம் வடிந்தபிறகு சுவரில் ஒரு கறைக்கோடு நிற்கும். அந்தக் கோடுதான் ஐஜிஜி, கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கின ஆன்டிபாடி. ஒரு காலத்தில் இதுவரை தண்ணீர் வந்தது என்று சொல்லும், இன்றைக்கு ஆற்றில் தண்ணீர் போகிறதா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஐஜிஎம் என்பது காயாத சேறு, அது இருந்தால் சமீபத்தில் வந்திருக்கிறது என்று அர்த்தம். உன் அக்காவுக்கு கோடு இருக்கிறது, சேறு இல்லை. காய்ச்சல் அடித்த மூன்று வாரத்தில் யாரும் எடுக்காத டெஸ்டை ஒரு வருஷம் கழித்து எடுத்தால் இதுதான் கிடைக்கும்.

இன்னொன்று, இந்தக் கோடு யாருக்கு இல்லை? ஈபிவி உலகத்தில் வளர்ந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் தொற்றியிருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் சின்ன வயசிலேயே எச்சில் வழியாக, ஒரே தம்ளர், வாயில் வைத்து ஊட்டுவது, இப்படித் தொற்றி, சாதாரண சளிக்காய்ச்சல் மாதிரி தெரியாமலே போய்விடும். ஹெச்ஹெச்வி-6 இன்னும் மோசம், இரண்டு மூன்று வயசுக்குள் கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்துவிடும். என் ரத்தத்தை எடுத்தாலும், உன் ரத்தத்தை எடுத்தாலும், அந்த மருந்தை எழுதினவர் ரத்தத்தை எடுத்தாலும் பாசிட்டிவ் வரவே வாய்ப்பு அதிகம். அம்மாவிடம் சொல், இது அவள் நினைக்கிற வியாதி இல்லை. ஹெர்பிஸ் என்பது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர், நமக்கு வருகிற சின்னம்மைகூட அந்தக் குடும்பம்தான்.

கடையநல்லூர் அக்கா

தம்பி, படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. 2012ல் எங்கள் ஊரில் டெங்கு போட்டு அடித்தபோது எனக்கும் வந்தது. வீட்டுக்கு வீடு ஒருத்தர் படுக்கை, தெருவெல்லாம் நிலவேம்புக் கசாய வாடை. காய்ச்சல் ஒன்பது நாளில் போனது, அசதி இரண்டரை வருஷம் போகவில்லை. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தால் நெஞ்சு படபடக்கும். மாமியார் வாய்விட்டே சொன்னார், வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று. எனக்கு வந்தது ஹெர்பிஸும் இல்லை ஒன்றும் இல்லை, கொசு கொடுத்தது. ஆனால் நீ சொல்கிற அந்த இரண்டாம் நாள் அடி இருக்கிறதே, அது அச்சு அசல் எனக்கு இருந்தது.

எனக்கு உதவினது மருந்து இல்லை, கணக்கு. எது வரைக்கும் செய்தால் மறுநாள் படுக்கவில்லை என்று பார்த்து அதற்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்திக்கொள்வது. நன்றாக இருக்கிற நாளில்தான் நிறுத்துவது கஷ்டம், அன்றைக்குத்தான் சேர்த்து வைத்த துணியெல்லாம் துவைக்கத் தோன்றும். உன் அக்காவுக்கு ஒரு வசதி, அவள் வேலையே எண்ணிக்கைதான். ஒரு நோட்டுப் போடு.

அப்புறம் ஒரு சந்தேகம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என் மாமனாருக்கு இடுப்பைச் சுற்றி அக்கி வந்து, வேளார் வீட்டில் காவி குழைத்து அக்கி எழுதினார்கள். அதுவும் இந்த ஹெர்பிஸ் குடும்பம்தான் என்று மகன் சொல்கிறான். அப்படியா?

ஹைகிரவுண்ட் பிஜி

அக்கா, உங்கள் மகன் சொன்னது சரி. சின்ன வயசில் அம்மை போட்டபோது உள்ளே வந்த வைரஸ் தலைக்குத் தண்ணீர் ஊற்றினதோடு போய்விடுவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் போய்ப் படுத்துக்கொள்கிறது. ஐம்பது அறுபது வயசில் எதிர்ப்புச் சக்தி தளரும்போது ஒரு நரம்பு வழியாக இறங்கி வருவதுதான் அக்கி. அதனால்தான் ஒரு பக்கமாகப் பட்டை போட்ட மாதிரி வரும். (காவி எரிச்சலுக்குக் குளிர்ச்சியாக இருக்கலாம், ஆனால் அக்கி வந்த மூன்று நாளுக்குள் அசைக்ளோவிர் வகை மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும், கண் பக்கம் வந்தால் அன்றைக்கே ஓட வேண்டும்.) இந்தக் குடும்பத்து வைரஸ் எல்லாமே இப்படித்தான், வந்தால் ஆயுசுக்கும் கூடவே இருக்கும். ஈபிவி ஒளிந்திருப்பது ரத்தத்தில் பி செல் என்கிற ஒரு வகை வெள்ளை அணுக்களுக்குள்.

முக்கூடல் தம்பி, நீங்கள் ஒரு வரியில் தாண்டிப்போன விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தொண்டையில் வெள்ளைப் படிவு, நெறி, மூன்று வாரக் காய்ச்சல், அமாக்ஸிசிலின் சாப்பிட்டதும் உடம்பெல்லாம் தடிப்பு. இது ஈபிவி கொடுக்கிற சுரப்பிக் காய்ச்சலுக்கு பாடப்புத்தக அடையாளம். அந்தத் தடிப்பு பல பேருக்கு நிஜமான பென்சிலின் அலர்ஜியே கிடையாது, அந்தக் காய்ச்சலின்போது மட்டும் வருவது. பின்னால் ஒரு டாக்டரிடம் சொல்லித் தீர்த்துக்கொள்ளுங்கள், நீங்களாக அந்த மருந்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டாம். ஆக, ஆறாயிரம் ரூபாய் ஐஜிஜி சொல்லாததை அந்தத் தடிப்பு சொல்கிறது. தொடக்கம் ஈபிவியாக இருந்திருக்க நிறையவே வாய்ப்பு.

ஆனால் தொடங்கி வைத்தது ஈபிவி என்பது வேறு, இன்றைக்கும் ஈபிவிதான் ஆளைப் படுக்க வைக்கிறது என்பது வேறு. நாற்பது வருஷமாக ஆராய்ச்சிக்காரர்கள் முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். 1984, 85 வாக்கில் அமெரிக்காவில் டாஹோ ஏரிக்கரையில் இன்க்லைன் வில்லேஜ் என்ற ஊரில் இப்படி ஒரு கூட்டமே அசதியில் விழுந்தது. அங்கிருந்த பால் செனி, டேனியல் பீட்டர்சன் என்ற இரண்டு டாக்டர்கள் விடாமல் கத்தினார்கள், அப்போது முதலில் பழி விழுந்தது ஈபிவி மேல். நோய்க்குப் பெயரே நாள்பட்ட ஈபிவி என்றுதான் வைத்திருந்தார்கள். தேடிப் பார்த்தால் நன்றாக இருக்கிறவர்களுக்கும் அதே ஆன்டிபாடி. 1988ல் பெயரை நாள்பட்ட அசதி நோய் என்று மாற்றினார்கள், பெயரைக் கேட்டாலே சோம்பேறி வியாதி மாதிரி தொனிக்கும், அந்தப் பெயர் செய்த கெடுதல் கொஞ்சநஞ்சம் இல்லை. அதே வருஷம் ஸ்ட்ராஸ் என்பவர் 27 பேருக்கு அசைக்ளோவிர் கொடுத்துப் பார்த்தார், மருந்தில்லாத வெறும் மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை.

அப்புறம் ஹெச்ஹெச்வி-6. அது கண்டுபிடிக்கப்பட்டதே 1986ல். டாஹோ நோயாளிகளின் ரத்தத்தை வளர்த்துப் பார்த்து 1992ல் வெளியிட்டார்கள், நோயாளிகளில் 70 சதவீதம் பேரிடம் அந்த வைரஸ் பெருகிக்கொண்டிருந்தது, ஆரோக்கியமானவர்களில் 20 சதவீதம்தான். பெரிய வித்தியாசம். ஆனால் பிறகு வந்த ஆய்வுகள் ஒன்று ஆமாம் என்றும் ஒன்று இல்லை என்றும் சொன்னதால் விஷயம் முடியவில்லை. தவளை கத்துவதால் மழையா, மழை பெய்வதால் தவளை கத்துகிறதா என்ற கதைதான். உடம்பு தளர்ந்ததால் உள்ளே தூங்கின வைரஸ் எழுந்ததா, வைரஸ் எழுந்ததால் உடம்பு தளர்ந்ததா?

உங்களுக்கு எழுதின வால்கான்சிக்ளோவிர் எங்கிருந்து வந்தது என்றால், ஸ்டான்ஃபோர்டில் மொன்டோயா என்பவர் 2006ல் 12 பேருக்குக் கொடுத்து 9 பேர் தேறினார்கள் என்று எழுதினார். உலகமே துள்ளியது. வெறும் மாத்திரை வைத்து ஒப்பிட்டு 30 பேரிடம் செய்த ஆய்வு 2013ல் வந்தது, சில அளவுகளில் கொஞ்சம் முன்னேற்றம், பெரிதாக ஒன்றும் இல்லை. அதற்குப்பிறகு இதை நிரூபித்த பெரிய ஆய்வு கிடையாது. இது உறுப்பு மாற்று செய்தவர்களுக்கு சிஎம்வி வைரஸுக்காகக் கொடுக்கிற மருந்து. வெள்ளை அணுவைக் குறைக்கும், அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும், கருவைப் பாதிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெருகுகிற வைரஸைத்தான் தடுக்கும், தூங்குகிற வைரஸை ஒன்றும் செய்யாது. உங்கள் ரிப்போர்ட்டில் வைரஸ் பெருகுகிறது என்பதற்கு ஒரு ஆதாரமும் இல்லை. 26 வயசுப் பெண்ணுக்கு, கடன் வாங்கி, இதை நான் கொடுக்கச் சொல்ல மாட்டேன். இன்னொரு பொது மருத்துவரிடம் காட்டாமல் ஒரு அட்டைகூட வாங்காதீர்கள்.

ரதவீதி ராசா

அப்போ நான் சொன்னதுதானே? வைரஸ் கதை எல்லாம் புஸ்.

ஹைகிரவுண்ட் பிஜி

இல்லை அண்ணாச்சி, புஸ் என்றும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் டப்போ என்ற ஊரில் ஒரு ஆய்வு செய்தார்கள், 2006ல் வந்தது. ஈபிவி, ராஸ் ரிவர் வைரஸ், க்யூ காய்ச்சல், மூன்றில் ஏதாவது ஒன்று வந்த 253 பேரைக் காய்ச்சல் நாளிலிருந்தே பின்தொடர்ந்தார்கள். ஆறு மாசத்தில் நூற்றுக்கு 12 பேர் இதே அசதியில் இருந்தார்கள், எந்தக் கிருமியாக இருந்தாலும் கிட்டத்தட்ட அதே அளவு. யாருக்கு அசதி நிற்கும் என்று காட்டிக்கொடுத்தது காய்ச்சல் எவ்வளவு கடுமையாக அடித்தது என்பதுதான், மனசு எப்படிப்பட்டது என்பது இல்லை. ராஸ் ரிவர் நம் சிக்குன்குனியாவுக்குச் சொந்தக்காரன், கொசுதான் பரப்புகிறது. கடையநல்லூர் அக்கா சொன்னது இதில் அப்படியே பொருந்துகிறது பாருங்கள்.

ஈபிவியைச் சாதுவென்றும் நினைக்க வேண்டாம். 2022ல் அமெரிக்க ராணுவத்தில் ஒரு கோடிப் பேரின் பதிவுகளை வைத்துப் பார்த்ததில், ஈபிவி தொற்றினபிறகு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் வரும் ஆபத்து 32 மடங்கு கூடியிருந்தது. ஆக, எல்லாரிடமும் இருக்கிற வைரஸ் சிலரிடம் மட்டும் வேலையைக் காட்டலாம். அசதி நோயிலும் அப்படி இருக்குமோ என்று புபேஷ் புரூஸ்டி போன்ற ஆராய்ச்சிக்காரர்கள் தேடுகிறார்கள். வைரஸ் முழுசாகப் பெருகாமல் அரைகுறையாக விழித்து, அதன் சில துண்டுகள் மட்டும் வெளிவந்து செல்லுக்குச் சக்தி உண்டாக்குகிற மைட்டோகாண்ட்ரியாவைக் குலைக்கிறதா என்பது அவர்கள் கேள்வி. அப்படியிருந்தால் நாம் வழக்கமாக எடுக்கிற டெஸ்டில் அது சிக்காது. எனக்கே இது நியாயமான கேள்வியாகத்தான் படுகிறது, ஆனால் கேள்விக்கு மாத்திரை எழுத முடியாது.

நார்வேயில் பி செல்களையே அழிக்கிற ரிட்டுக்ஸிமாப் கொடுத்துப் பார்த்தார்கள், முதல் சின்ன ஆய்வில் அற்புதம், 151 பேரிடம் செய்து 2019ல் வந்த பெரிய ஆய்வில் ஒன்றுமில்லை. 2009ல் எக்ஸ்எம்ஆர்வி என்று வேறொரு வைரஸைப் பிடித்துவிட்டோம் என்று சயன்ஸ் இதழிலேயே போட்டார்கள். பயந்தும் ஆசைப்பட்டும் சிலர் எச்ஐவி மருந்தைக்கூட வாங்கிச் சாப்பிட்டார்கள். கடைசியில் அது லேபில் கலந்த அசுத்தம், 2011ல் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள்.

பாளை லேப்காரன்

லேப் அசுத்தம் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது, நான் போய்க் கை கழுவிவிட்டு வருகிறேன்.

தம்பி, ஒரு காசு செலவில்லாத பரிசோதனை வீட்டிலேயே பார்க்கலாம். அக்காவைப் பத்து நிமிஷம் படுக்க வைத்து நாடி எண்ணு, பிறகு சுவரில் லேசாகச் சாய்ந்து பத்து நிமிஷம் நிற்கவைத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எண்ணு. யாராவது பக்கத்திலேயே நிற்க வேண்டும், கிறுகிறுத்தால் உடனே உட்காரவைத்துவிடு. படுத்திருந்தபோது இருந்ததைவிட முப்பதுக்கு மேல் ஏறி இறங்காமல் நின்றால் குறித்துக்கொண்டு டாக்டரிடம் காட்டு. அதற்கு வைத்தியம் இருக்கிறது.

ஹைகிரவுண்ட் பிஜி

நல்ல யோசனை. இந்த அசதி நோயை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை எதுவும் இன்றுவரை இல்லை. ஆறு மாசத்துக்கு மேல் அசதி, உழைத்தபிறகு தாமதமாக வந்து அடிக்கிற சரிவு, தூங்கியும் களைப்பு, கூடவே மூளை மந்தமோ நின்றால் கிறுகிறுப்போ, இதை வைத்துத்தான் 2015லிருந்து சொல்கிறார்கள். உங்கள் அக்கா கதையில் ஏறக்குறைய எல்லாம் இருக்கிறது. யாராவது தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டு என்று சொன்னால் கேட்காதீர்கள், அந்த முறையை 2021ல் இங்கிலாந்தில் நைஸ் என்ற மருத்துவ அமைப்பின் வழிகாட்டியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். கடையநல்லூர் அக்கா சொன்ன கணக்கு நோட்டுதான் அங்கேயும் சொல்வது.

ஆத்தங்கரை முக்கூடல்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மாத்திரை வாங்கவில்லை. வேறு டாக்டரிடம் காட்டினோம், பெரிட்டின் 9 என்று வந்தது, இரும்பு கொடுத்திருக்கிறார் (ராசா அண்ணாச்சி, உங்களுக்கு ஒரு கும்பிடு). நின்றால் நாடி 76லிருந்து 112 வரை ஏறியது, அதற்கு உப்பும் தண்ணீரும் கூடக் குடிக்கச் சொன்னார், காலுக்கு இறுக்கமான உறை எழுதினார்.

நோட்டுப் போட்டோம். அதில் நான் எதிர்பார்க்காத ஒன்று வந்தது. சுற்றின கணக்கு மட்டும் இல்லாமல் கடையில் கழித்துப்போட்ட பீடியையும் எழுதச் சொன்னேன், அக்கா முனங்கிக்கொண்டே எழுதினாள். முதல் வாரம் திங்கள் 650, கழித்தது 18. செவ்வாய் 610, கழித்தது 31. புதன் 140தான், அதிலேயே 47 கழித்துவிட்டார்கள். வியாழன் தட்டைத் தொடவில்லை. அவள் படுப்பதற்கு முந்தின நாளே கழிவு ஏறத் தொடங்குகிறது! ஒன்று நூல் தளர்ந்திருக்கிறது, இல்லையென்றால் தலை மடக்கினது பிரிந்திருக்கிறது. உடம்பு சொல்வதற்கு முன்னால் விரல் சொல்லிவிடுகிறது.

இரண்டாம் வாரத்திலிருந்து 300ல் நிறுத்துகிறாள், கழிவு இருபதைத் தாண்டினால் மறுநாள் 150தான். கூலி பாதியாகிவிட்டது, அதற்கு என்ன செய்ய. ஆனால் இந்த இரண்டு வாரத்தில் ஒரு நாள்கூட முழுசாகப் படுக்கவில்லை. இலை வெட்டுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். தகரத்தை வைத்து வெட்டுகிறேன் என்று பாதி இலையைக் கோணலாக்கி அம்மாவிடம் ஏச்சு வாங்குகிறேன். ஹெர்பிஸ் விஷயத்தை அம்மாவிடம் அம்மை, அக்கி என்று சொன்னதும் புரிந்துவிட்டது. அம்மைதானா, முதலிலேயே சொல்லித் தொலைக்கக் கூடாதா என்றாள்.

கடையநல்லூர் அக்கா

கத்தரியைச் சாணை பிடித்துக் கொடுக்கச் சொல் தம்பி, அப்புறம் இலையை ஈரத்துணியில் நன்றாக ஊறவிட்டு வெட்டு, கோணாது. மழைக்காலம் வரப்போகிறது, அக்கா 300ஐ 320 ஆக்கலாமா என்று கேட்பாள். ஒரு மாசம் போகட்டும் என்று சொல்.